புளியா சோடாவா? அத்தை வீட்டு பர்னரைக் கருக்கினதுக்கு அப்புறம் நான் கேஸ் அடுப்பு கழுவுற விதம்

போன வருஷம் போகிக்கு முந்தின நாள் பாலக்கோடு பக்கத்துல இருக்கிற எங்க மாமியார் ஊருக்குப் போயிருந்தோம். பொங்கல்னா எங்க பக்கம் வீட்டையே புரட்டிப் போட்டு சுத்தம் பண்ணுவாங்க, சுவத்துக்கு வெள்ளை அடிக்கிறதுல ஆரம்பிச்சு பரண் மேல இருக்கிற அண்டா குண்டா வரைக்கும் எல்லாம் வாசலுக்கு வந்துடும். அத்தைக்கு முழங்கால் வலி, குனிஞ்சு நிமிர முடியாது, அதனால சமையல்கட்டை நான் பாத்துக்கறேன்னு நானே சொல்லிட்டேன். அங்க இருந்தது ரெண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பு. 2007 வாக்குல அரசு இலவச கேஸ் அடுப்பு குடுத்தப்போதான் அந்த ஊர்ல நிறைய வீட்டுக்கு முதமுதல்ல கேஸே வந்துச்சு, அத்தை வீட்லயும் அப்படித்தான், அது பழசானதும் டவுன்ல வாங்கிப் போட்டது இந்த ரெண்டாவது அடுப்பு.

தினமும் களி கிண்டுற வீடுங்க அது. களி கிண்டுற அடுப்பு எப்படி இருக்கும்னு தர்மபுரி கிருஷ்ணகிரி காரங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. நொய் வேகும்போது கஞ்சி பொங்கி வழியும், ராகி மாவு கொட்டினதும் தப்பு தப்புன்னு தெறிக்கும், தெறிச்சது சூட்டுலயே காஞ்சு ஓடு மாதிரி ஒட்டிக்கும், அதுமேல தாளிக்கிற எண்ணெய், அதுமேல மறுநாள் கஞ்சி. பர்னர் ஓட்டையில பாதி அடைஞ்சு போய் கெடந்துச்சு. நான் ஒரு வீடியோவுல பாத்திருந்தேன், சுடுதண்ணியில சலவை சோடா போட்டு ராத்திரி முழுக்க பர்னரை ஊற வெச்சா காலையில புதுசு மாதிரி ஆயிடும்னு. அப்படியே செஞ்சேன். ஒரு கை சோடா, கொதிக்கிற தண்ணி, பர்னர் ரெண்டையும் உள்ள போட்டேன், லேசா குமிழ் குமிழா வந்துச்சு, அழுக்கு கரையுதுன்னு நெனச்சுட்டு தூங்கப் போயிட்டேன்.

காலையில எடுத்துப் பாத்தா பர்னர் கரி மாதிரி கருத்துப் போயிருக்கு. கையில எடுத்தா விரல்ல சாம்பல் கலர்ல பொடி ஒட்டுது. தேய்க்க தேய்க்க பொடி வந்துட்டே இருக்கே தவிர வெள்ளையாகல. போகி அன்னைக்கு காலையில அஞ்சு மணிக்கு, வீட்ல எல்லாரும் காபிக்கு நிக்கிறாங்க, வேற வழியில்லாம ஈரத்தோட அப்படியே மாட்டி பத்த வெச்சேன். படபடன்னு சத்தம், அடுப்பு நீலமா எரியாம மஞ்சளா நாக்கு நீட்டிட்டு எரியுது. அன்னைக்கு மதியத்துக்குள்ள குக்கர் அடி, தோசைக்கல்லு அடி, பால் பாத்திரம் எல்லாத்துலயும் கரி. அத்தை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. "விடு கண்ணு, பொங்கப்பானை வாசல்ல விறகு அடுப்புலதான வெக்கப்போறோம்"னு சொன்னாங்க. அது எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

மாட்டுப்பொங்கல் முடிஞ்சு மறுநாள் பாலக்கோட்டுல அடுப்பு ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட பர்னரை எடுத்துட்டுப் போனோம். அவரு கையில வாங்கி எடை பாக்குற மாதிரி ஒரு தடவை தூக்கிப் பாத்தாரு, அவ்ளோதான். "இது அலுமினியம்மா, இதுல போய் சோடா ஊத்தலாமா"ன்னாரு. அன்னைக்கு அந்தக் கடையில நின்ன கால் மணி நேரத்துல கத்துக்கிட்டதும், அதுக்கப்புறம் எங்க ஆயாகிட்ட கேட்டதும், நானா செஞ்சு பாத்து தெரிஞ்சுகிட்டதும்தான் இனிமே எழுதப் போறது.

முதல்ல பர்னர் எதுல செஞ்சதுன்னு பாருங்க, கழுவுறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பித்தளையா அலுமினியமான்னு மேல பாத்தா தெரியாது, எரிஞ்சு எரிஞ்சு ரெண்டும் ஒரே கலராத்தான் இருக்கும். கவுத்துப் போட்டு அடிப்பக்கம் ஒரு ஓரத்துல லேசா சுரண்டிப் பாத்தா மஞ்சளா மினுக்கினா பித்தளை, வெள்ளியா இருந்தா அலுமினியம். கையில தூக்கினாலே தெரிஞ்சிடும், ஒரே அளவு அலுமினியத்தை விட பித்தளை மூணு மடங்கு கனம். காந்தம் ஒட்டுச்சுன்னா அது வார்ப்பு இரும்பு, சில அடுப்புல அதுவும் இருக்கு. இரும்பா இருந்தா ரொம்ப நேரம் எதுலயும் ஊறப் போடாதீங்க, துருப்பிடிக்கும், கழுவின உடனே துடைச்சு காய வைக்கணும்.

அலுமினியத்துக்கு காரம் ஆகாதுங்க. நான் சொல்றது மிளகாய் காரம் இல்ல, சலவை சோடா, சோடா உப்பு, சாம்பல் இதெல்லாம் காரத்தன்மை உள்ளது. அலுமினியத்து மேல இயற்கையாவே ஒரு மெல்லிசான படலம் இருக்கும், அதுதான் அதைக் காப்பாத்துது. சோடா அந்தப் படலத்தைக் கரைச்சுட்டு உள்ள இருக்கிற உலோகத்தையே அரிக்க ஆரம்பிச்சுடும், அன்னைக்கு ராத்திரி நான் பாத்த குமிழ் அழுக்கு கரைஞ்ச குமிழ் இல்ல, அலுமினியம் கரைஞ்ச குமிழ். அதனால அலுமினிய பர்னருக்கு பாத்திரம் கழுவுற லிக்விட், கை பொறுக்குற அளவு சுடுதண்ணி, பழைய டூத் பிரஷ், இருவது நிமிஷம், இவ்ளோ போதும். கறை விடலைன்னா எலுமிச்சம்பழ மூடியில ஒரு தேய் தேய்ச்சு உடனே கழுவிடலாம், புளிப்புலயும் ஊறப் போடக் கூடாது.

பித்தளைக்கு வந்தா கதையே வேற. எங்க வீட்டு அடுப்பு, தர்மபுரியில கல்யாணத்துக்கு வாங்கினது, மூணு பர்னரும் பித்தளை. காவேரிப்பட்டினத்துல எங்க ஆயா வீட்டுக்குப் போனப்போ அத்தை வீட்ல நடந்ததைச் சொல்லிட்டிருந்தேன், ஆயா கேட்டாங்க "குத்துவெளக்கை எதுல தேய்ப்ப?"ன்னு. புளியிலன்னேன். "அப்ப இத எதுல தேய்க்கணும்?" அவ்ளோதான் பேச்சு. நம்ம பக்கம் புளிக்கு என்ன பஞ்சமா, மாசி பங்குனி ஆனா தெருவுக்குத் தெரு புளி தட்டி கொட்டை எடுத்துட்டு உக்காந்திருப்பாங்க. சாம்பாருக்கு கரைச்சுட்டு தூக்கிப் போடுற சக்கையே இதுக்குப் போதுங்க, நல்ல புளியை வீணாக்க வேணாம்.

நான் செய்யறது இப்படி. ஒரு நெல்லிக்காய் அளவு பழைய புளி, கறுத்துப் போன புளியா இருந்தா இன்னும் நல்லது, இல்லன்னா ரெண்டு நாள் சேத்து வெச்ச சக்கை, ஒரு சொம்பு சுடுதண்ணியில கரைச்சு ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டு அதுல பர்னரைக் கவுத்து வெச்சுடுவேன். முன்னாடியே எண்ணெய் பிசுக்கை லிக்விட் போட்டு கழுவிடணும், இது முக்கியம், ஏன்னா எண்ணெய் மேல புளி ஒண்ணும் பண்ணாது, தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடிடும். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா பர்னரோட ஓரத்துல முதல்ல கலர் மாறி இருக்கும், அங்கருந்து அந்தப் புளியையே கையில எடுத்து வட்டமா தேய்க்கும்போது கறுப்பு தண்ணியா இறங்கும், உள்ள இருந்து மஞ்சள் வெளிய வரும், ஓட்டையைச் சுத்தி இருக்கிற கறுப்பு மட்டும் கடைசி வரைக்கும் பிடிவாதமா நிக்கும். அதுக்கு புளியோட கொஞ்சம் சலிச்ச சாம்பலோ கோலமாவோ தொட்டுக்கிட்டு பிரஷ்ல தேய்க்கலாம். ஒவ்வொரு ஓட்டையையும் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாப்பேன், வெளிச்சம் தெரியாத ஓட்டையில ஊக்கு முனையை விட்டு மெதுவா ஒரு சுத்து, உள்ள இருந்து கரிக்கட்டி சின்னதா கடுகு மாதிரி உதிரும். உதிர்ந்ததும் தண்ணி விட்டு அலசினா அந்த ஓட்டை வழியா நூல் மாதிரி தண்ணி வரணும். அது வந்தாதான் அந்த ஓட்டை முடிஞ்சுது.

ஆனா புளியிலயும் ராத்திரி முழுக்க விட்றாதீங்க. அப்படி விட்டா பித்தளை மஞ்சள் போய் செம்பு மாதிரி சிவந்து வரும், பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும் கலந்தது, புளிப்பு துத்தநாகத்தை மட்டும் இழுத்துடும். அரை மணி நேரம்தான் கணக்கு. புளி இல்லைன்னா எலுமிச்சை, அதுவும் இல்லைன்னா அழுகுற மாதிரி இருக்கிற தக்காளி. பாலக்கோடு ராயக்கோட்டை பக்கம் விலை இறங்கினா தக்காளியை ரோட்டுல கொட்டிட்டுப் போறதைப் பாக்கும்போது வயிறு எரியும், கனிஞ்சு போன நாலு தக்காளியைப் பிழிஞ்சு உப்பு போட்டா பித்தளைக்கு நல்லாவே வேலை செய்யும், புளியை விட மெதுவா, அவ்ளோதான் வித்தியாசம்.

அடுத்தது இந்த சோடா உப்பும் வினிகரும் கலந்து ஊத்துற விஷயம். எந்த வீடியோவைப் பாத்தாலும் இதுதான், புஸ்ஸுன்னு நுரை பொங்கினதும் அழுக்கு எல்லாம் போயிட்ட மாதிரி காட்டுறாங்க. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு காலி பண்ணிடும், காரமும் போச்சு புளிப்பும் போச்சு, மிச்சம் இருக்கிறது முக்காவாசி உப்புத் தண்ணி. அந்த நுரை பொங்குற ஒரு நிமிஷம் ஓட்டைக்குள்ள இருக்கிற துணுக்கை வேணா கொஞ்சம் கிளப்பி விடும், மத்தபடி பிரயோஜனம் இல்ல. நான் ரெண்டையும் தனித்தனியாத்தான் வெச்சுக்குவேன். எண்ணெய் பிசுக்கு, தாளிச்சது தெறிச்சது, பூரி சுட்ட அன்னைக்கு சுவத்துல படிஞ்சது இதுக்கெல்லாம் சோடா உப்பு. தண்ணி வழிஞ்சு காஞ்ச வெள்ளைக் கறை, பித்தளைக் கறுப்பு இதுக்கெல்லாம் புளிப்பு. களி, கஞ்சி, பால், வெல்லப்பாகு இது நாலுக்கும் ரெண்டுமே வேணாம், சுடுதண்ணி மட்டும் போதும், ஆனா நேரம் குடுக்கணும்.

நேரம் குடுக்கிறதுன்னா, ஒரு பழைய காட்டன் துணி, கிழிஞ்ச பனியன் துணி ரொம்ப நல்லது, சுடுதண்ணியில நனைச்சு லேசா பிழிஞ்சு காஞ்ச கஞ்சி மேல போத்தி விட்டுட்டு வேற வேலையைப் பாக்கப் போயிடணும். அரை மணி கழிச்சு வந்தா களி ஓடு மாதிரி இருந்தது ஊறி பிசின் மாதிரி ஆயிருக்கும், தோசைத் திருப்பியால வேணாம், ஒரு பழைய ஏடிஎம் கார்டு இல்லன்னா கொட்டாங்குச்சி துண்டு, அதால தள்ளினா ஏடு ஏடா வந்துடும். மாம்பழ சீசன்ல எங்க வீட்ல மாங்கா பச்சடி செய்யும்போது வெல்லம் வழிஞ்சு கறுப்பா கல்லு மாதிரி ஆயிடும், அதுக்கும் இதே துணி, ரெண்டு தடவை மாத்திப் போடணும். ஸ்டீல் நார் வெச்சு சுரண்டுற அவசரத்துல என் கண்ணாடி அடுப்புல முதல் வருஷமே கோடு விழுந்துடுச்சு, இன்னைக்கு வரைக்கும் விளக்கு வெளிச்சத்துல அந்தக் கோடு தெரியும். கண்ணாடி அடுப்புக்கு இன்னொண்ணு, சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தவே கூடாது, எவ்ளோ கெட்டிக் கண்ணாடியா இருந்தாலும் வெடிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு. கையை மேல வெச்சுப் பாத்து சூடு இல்லைன்னு தெரிஞ்சாத்தான் துணி.

தண்ணி பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா வேற ஊர்க்காரங்க சொல்ற குறிப்பு நம்ம ஊருக்கு ஒத்து வராததுக்கு பாதி காரணம் தண்ணிதான். நம்ம மாவட்டம் ரெண்டுலயும் போர் தண்ணி எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், ஃப்ளோரைடு பிரச்சனைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல வந்துச்சு. குடிக்கிறதுக்கு ஒகேனக்கல் தண்ணி, கழுவுறதுக்கு போர் தண்ணின்னுதான் நிறைய வீட்ல ஓடுது. போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்து அதிகம், சோப்பு நுரைக்கவே நுரைக்காது, நுரைக்கு பதிலா ஒரு வழவழன்னு படலம் ஆகி அடுப்பு மேல ஒட்டிக்கும், காஞ்சதும் வெள்ளை வெள்ளையா திட்டு. நான் பல நாள் அடுப்பு சரியா கழுவலன்னு நெனச்சு திரும்பத் திரும்ப சோப்பு போட்டிருக்கேன், போடப் போட வெள்ளை அதிகமாச்சு. இப்போ கடைசியா துடைக்கிற தண்ணி மட்டும் ஒரு கிண்ணம் குடிக்கிற தண்ணி, அதுல பிழிஞ்ச எலுமிச்சை மூடி ஒண்ணைப் போட்டு வெச்சு அதுல துணியை நனைச்சு துடைச்சுட்டு உடனே காஞ்ச துணியால ஒரு துடை. உடனே துடைக்கிறதுதான் விஷயம், தண்ணியை தானா காய விட்டா சுண்ணாம்பு அங்கேயே நின்னுடும்.

இப்போ அந்த மஞ்சள் தீ. அத்தை வீட்ல அன்னைக்கு நடந்தது பாதி கருத்துப் போன பர்னரால, பாதி ஈரத்தால. கேஸ் ஜெட்டுங்கற சின்ன ஓட்டை வழியா வரும்போதே பக்கத்துல இருக்கிற காத்தையும் இழுத்துட்டு குழாய்ல கலந்து வந்துதான் பர்னர் ஓட்டையில எரியுது. காத்து சரியா கலந்தா நீலம், காத்து பத்தலைன்னா மஞ்சள். மஞ்சள்னா முழுசா எரியலைன்னு அர்த்தம், அந்த எரியாத மிச்சம்தான் பாத்திரத்து அடியில கரி, கேஸும் வீண், கூடவே கார்பன் மோனாக்சைடுங்கற விஷப்புகையும் வரும், அதுக்கு வாசனை கிடையாது, அதனால சமையல்கட்டு ஜன்னலை பனிக்காலத்துல கூட முழுசா மூடாதீங்க. பர்னரைக் கழுவினா நல்லா உதறி வெயில்ல ஒரு மணி நேரம் கவுத்து வெச்சு, உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லாம மாட்டணும். நான் சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிஞ்சதும் கழுவி மொட்டைமாடியில வெச்சுடுவேன், சாயங்காலம் காபிக்கு மாட்டிடலாம்.

காஞ்ச பர்னர் மாட்டியும் மஞ்சளாவே எரிஞ்சா குழாய்க்குள்ள பாக்கணும். எங்க வீட்ல ஒரு தடவை ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து பத்த வெச்சப்போ ஒரு பர்னர் மட்டும் மஞ்சளா எரிஞ்சு, அடுப்பைத் திருகுற குமிழ் பக்கம் பட்டுன்னு சத்தம் வந்துச்சு. பயந்துட்டேன். பாத்தா அந்தக் குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. பாட்டில் கழுவுற சின்ன பிரஷை காஞ்சபடியே உள்ள விட்டு எடுத்ததும் சரியாச்சு. ஆனா ஜெட்ல மட்டும் ஊக்கு விடாதீங்க. பர்னர் ஓட்டை வேற, குமிழுக்குப் பின்னாடி இருக்கிற அந்த ஜெட் ஓட்டை வேற. அது ஊசிமுனை அளவு, அந்த அளவுதான் எவ்ளோ கேஸ் வரணும்னு தீர்மானிக்குது, குத்தி குத்தி அது பெருசாச்சுன்னா கேஸ் அதிகமா வந்து மறுபடியும் மஞ்சள்தான், ஊசி உள்ள ஒடஞ்சு மாட்டிக்கிட்டா இன்னும் மோசம். அது மெக்கானிக் வேலை, அவரை விட்டே பாக்க வைங்க.

சுத்தம் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை ஆஃப் பண்றதை மறக்காதீங்க, குமிழை மட்டும் மூடினா பத்தாது, துடைக்கும்போது துணி பட்டு குமிழ் திரும்பிடும். எனக்கு ஒரு தடவை திரும்பியிருக்கு, வாசனை வந்துதான் கவனிச்சேன். கேஸுக்கு சொந்தமா வாசனை கிடையாது, கசிஞ்சா தெரியணும்னுதான் அந்த நாத்தத்தை வேணும்னே சேக்குறாங்க, அதனால அந்த வாசனை வந்தா சாதாரணமா எடுத்துக்காதீங்க. காத்தை விட கனம் அது, மேல போகாம தரையோட தரையா தங்கும், அதனால ஜன்னல் மட்டும் போதாது கதவையும் தெறந்து விடணும், லைட் சுவிட்ச் ஃபேன் சுவிட்ச் எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, வெளிய வந்துட்டு 1906க்கு கூப்பிடலாம், எந்த கம்பெனி சிலிண்டரா இருந்தாலும் அந்த நம்பர்தான். அடுப்பைத் தூக்கி கீழ துடைக்கிற அன்னைக்கே டியூபையும் பாத்துடுவேன், சோப்பு நுரையை ரெண்டு முனையிலயும் தடவி ரெகுலேட்டரைத் தெறந்தா குமிழ் வரக் கூடாது. அந்த ஆரஞ்சு கலர் டியூப் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், தேதி டியூப் மேலயே அச்சடிச்சிருக்கும். அத்தை வீட்ல அன்னைக்குத் தேதியைப் பாத்தா எப்பவோ முடிஞ்சிருந்துச்சு, பர்னரோட சேத்து அதையும் மாத்திட்டுத்தான் வந்தோம்.

இன்னும் ஒண்ணு, கழிவறைக்கு வெச்சிருக்கிற ஆசிடு, பிளீச்சிங் பவுடர் இதெல்லாம் அடுப்புப் பக்கமே கொண்டு வராதீங்க. பிளீச்சிங் பவுடர் மேல வினிகரோ எலுமிச்சையோ பட்டா குளோரின் கேஸ் கிளம்பும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் போட்டு துடைச்சா பளபளன்னு ஆகுதுன்னு எங்க தெருவுலயே ஒருத்தங்க செய்யறாங்க, தீ வெக்கிற இடத்துல மண்ணெண்ணெய் எதுக்குங்க, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயை துணியில தொட்டு ஸ்டீல் மேல துடைச்சா அதே பளபளப்பு வரும், ஆனா பர்னர் பக்கம் போகாம ஓரத்துல மட்டும்.

இந்த வருஷம் போகிக்கு பத்து நாள் முன்னாடியே அத்தை போன் பண்ணாங்க, "கண்ணு, பக்கத்து வீட்டுக்காரி அவ பர்னரையும் எடுத்து வெச்சிருக்கா, நீ வந்தா கழுவித் தருவியாமே"ன்னு கேட்டாங்க. பித்தளையா அலுமினியமான்னு கேட்டேன். லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் கரகரன்னு சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. "மஞ்சளா இருக்கு"ன்னாங்க. புளிச்சக்கையை இன்னைக்கே சேத்து வைக்கச் சொல்லிட்டேன்.